சத்தியக் கயிறு

இடது கைச் சட்டைப் பொத்தானைப் போடக் குனிந்த கலாதேவியை, சடங்கு செய்ய வந்த பண்டாரம் தடுத்தார்.

"அத விட்ருமா. அந்தக் கையில கயிறு இருக்கு. எடுத்துட்டுத்தான் பெட்டிய மூடணும்."

கலாதேவி நிமிர்ந்தாள். கூடத்தின் நடுவில், பெட்டிக்குள் அவள் கணவர் விக்னேஸ்வரன் படுத்திருந்தார். குளிப்பாட்டி, தீபாவளிக்கு எடுத்த நீல முழுக்கைச் சட்டையைப் போட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, ஆண்கள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். வலது கைப் பொத்தான் போட்டிருந்தது. இடது கையை மட்டும் சுருட்டி விட்டிருந்தார்கள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, மஞ்சளேறிப் போன கறுப்புக் கயிறு.

"அரணாக்கொடிய அறுத்தீங்கல்ல. இதையும் நீங்களே எடுத்துருங்க."

"ஐயோ, இது சாமி கயிறு. கட்டினவருதான் எடுக்கணும். உங்க மூத்தார் வரட்டும்."

கட்டினவர் வெளியே இருந்தார். கலாதேவி சன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். விக்னேஸ்வரனின் அண்ணன் உடையப்பன் கூடாரத்து நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சிவப்பு வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், கையில் ஐஸ் போட்ட பீர். லகாட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு அவர்தான் பூசாரி. தோட்டத்தை விற்று, எண்ணெய்க்குச் செம்பனை போட்டு, அதையும் வெட்டி வீடு கட்டி விட்டார்கள். முனியாண்டி மட்டும் மேட்டில் வாளோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கிற உரிமை உடையப்பனுக்கு. படைத்த மிச்சத்தைக் குடிக்கிற உரிமையும் அவருக்குத்தான்.

கலாதேவி சன்னலை விட்டு வந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். நேற்றுக் காலையிலிருந்து அழுகை வரவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து, "அழுதுரு கலா, மனசுல வெச்சிக்காத" என்றார்கள். அவள் மனதில் இருந்தது அழுகை இல்லை. அதை எப்படி வெளியே விடுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அந்தக் கயிற்றைக் கட்டச் சொல்லிக் கணவரை இழுத்துக்கொண்டு போனவளே அவள்தான். அதை அவள் மறைக்கவில்லை. குவாரியில் கல்லுடைத்த காலத்தில் விக்னேஸ்வரன் சம்பளத்தைச் சம்சுச் சாராயமாகவே வாங்கி வந்தவர். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து கிடந்தவரை எடுத்து வந்து, மறுநாளே முனியாண்டி முன்னால் நிறுத்தினாள். உடையப்பன் கயிற்றை முடிந்து, "ஒரு சொட்டு உள்ள போச்சு, ரத்தம் கக்கிருவ" என்றார். அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு தட்டுகூடப் பறந்ததில்லை. ஒரு மனிதன் மாலை ஆனால் நேரே வீட்டுக்கு வந்து, கால் கழுவி, மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். வெள்ளிக்கிழமை தோறும் அவள் அந்தக் கயிற்றுக்கு மஞ்சள் தடவினாள். நன்றியில்லாமல் இல்லை.

மாசி மாதம் அவர் காவல் வேலை பார்த்த சூப்பர் மார்க்கெட்டின் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். வாயு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் நோரைனி தன் கையைப் பொத்திக் காட்டி மலாயில் விளக்கினாள். இதயத்துக்குள் ரத்தம் வெளியே போகிற வாசலில் சதை தடித்துப் போயிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் தெரியாது. கனத்தைத் தூக்கினால், ஓடினால், தள்ளினால் வாசல் அடைத்துக்கொள்ளும். மருந்தில் அடங்கும் என்று பார்த்தார்கள், அடங்கவில்லை. நீரைப் பிரிக்கிற தண்ணீர் மாத்திரையில் உடம்பு வற்றியதுதான் மிச்சம்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, நெஞ்சுக்கூட்டைத் திறந்து, மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டு, அந்தச் சதையைச் செதுக்கி எடுப்பது. எடுத்த அன்றே வாசல் திறந்துவிடும், பல வருசம் தாங்கும். ஆனால் அதில் கை தேர்ந்த டாக்டர்கள் நாட்டிலேயே சிலர்தான், வரிசை நீளம். அதோடு, குவாரித் தூசி தின்ற நுரையீரலை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஆபரேசனைத் தாங்குவாரா என்பது சந்தேகம். இன்னொன்று, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, அந்தச் சதைக்குப் போகிற சின்ன ரத்தக்குழாயில் கொஞ்சம் சுத்தமான ஆல்கஹால் செலுத்துவது. ஒரு டீஸ்பூன்கூட இராது. அந்த இடத்துச் சதை செத்து, மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். இதயத் துடிப்பு தடுமாறலாம், பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம், சில பேருக்கு இரண்டாம் தடவை செய்ய வேண்டியிருக்கும். அதையும் டாக்டர் ஒளிக்கவில்லை.

"இவருக்கு எது நல்லது?" என்று கலாதேவி கேட்டாள்.

"வயசு குறைவா, நுரையீரல் நல்லா இருந்தா ஆபரேசன்தான் சொல்லியிருப்பேன். இவருக்குக் குழாய். பங்குனிக் கடைசியில தேதி தர முடியும்." மகள் ரேணுகா அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொன்னாள்.

விக்னேஸ்வரன் முகம் அப்போதே மாறிவிட்டது. டாக்டரை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "ஆல்கஹால்னா, அதான?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கலாதேவி சொல்லிப் பார்த்தாள். "ஊசி போடறதுக்கு முன்ன பஞ்சுல நனைச்சித் தடவுறாங்களே, அதுவும் அதாங்க. அப்ப மட்டும் கைய நீட்டுனீங்க?"

"அது தோலுக்கு மேல, கலா. இது நெஞ்சுக்குள்ள. எனக்கு அந்தச் சனியனப் பத்தித் தெரியும். வாசன பட்டாலே எந்திரிச்சி உக்காந்துக்கும்."

"வாயில ஊத்தலங்க. மருந்து."

"அண்ணனக் கேக்கலாம். அண்ணன் அவுத்து விட்டா நான் போறேன்."

இதுதான் அவர் கேட்டது. அவிழ்த்து விடு என்று ஒரு வார்த்தை. அதற்காக மூச்சு வாங்க வாங்க மேட்டில் ஏறி முனியாண்டி முன்னால் போய் நின்றார். உடையப்பன் கண்ணை மூடி யோசித்தார். சிவப்பு அரளி ஒரு வெற்றிலையில், வெள்ளை அரளி ஒரு வெற்றிலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் அவிழ்க்கலாம். விக்னேஸ்வரனே குனிந்து ஒன்றை எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

"இன்னொரு தடவ போடுங்க மாமா" என்றாள் கலாதேவி.

"ஏம்மா, சாமி என்ன நாலு நம்பர் லாட்டரிக் கடையா, அடிக்கிற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருக்க? ஆடித் திருவிழாவுல கேப்போம். அது வரைக்கும் கயித்த அவுக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. சாமி குத்தம் ஆயிரும். வேணும்னா நெஞ்சத் தொறந்து பண்ணிக்கட்டும், நான் தடுக்கல. சாராயம் மட்டும் உள்ள போவக் கூடாது."

நெஞ்சைத் திறக்கிற டாக்டர்களோ முதலில் நுரையீரல் தேறட்டும் என்றார்கள். பங்குனித் தேதி வேறு யாருக்கோ போனது. டாக்டர் நோரைனி இரண்டு தடவை போன் செய்தாள். கலாதேவி சண்டை போட்டாள், சோறு பொங்காமல் கிடந்தாள், பேசாமல் இருந்தாள். விக்னேஸ்வரன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னார். "ஆடி வந்துரும், கலா." சொல்லும்போது வலது கையால் இடது கைக் கயிற்றை மேலே தள்ளிவிட்டுக்கொள்வார். கொஞ்ச நாளாக அது ஒரு பழக்கமாகியிருந்தது. பாத்திரம் கழுவும்போது நனையக் கூடாதென்று தள்ளுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஆடி இன்னும் வரவில்லை. நேற்றுக் காலை பக்கத்து வீட்டு லிம்மின் பழைய கார் கிளம்பவில்லை. தள்ளக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. "தாக்காபா லா, பரவால்ல, ரெண்டடிதான்" என்று சிரித்துக்கொண்டே விக்னேஸ்வரன் போய்த் தள்ளினார். கார் கிளம்பியது. லிம் கண்ணாடியை இறக்கி நன்றி சொல்லத் திரும்பியபோது இவர் கால்வாய்த் திட்டில் உட்கார்ந்திருந்தார். அப்படியே சாய்ந்தார்.

கூடாரத்தில் சிரிப்பு கேட்டது. விக்னேஸ்வரனின் பழைய குவாரிக் கூட்டாளி சன்னாசி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "அவன் குடிச்ச குடிக்கு இந்த ஈப்போவே தள்ளாடும்டா" என்று ஒரு குரல். இழவு வீட்டில் ஆண்கள் இப்படித்தான் துக்கம் கொண்டாடுவார்கள், அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இன்று அந்த பீர் வாடை சன்னல் வழியாக உள்ளே வந்து, பெட்டியில் கிடக்கிற மனிதன் மேல் படுவதை அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள். சத்தமாகவே சாத்தினாள்.

அந்தச் சத்தத்துக்குத்தானோ என்னவோ, உடையப்பன் உள்ளே வந்தார். வந்ததும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "டேய் தம்பி, என்ன விட்டுட்டுப் போறியேடா" என்று அழுதார். பொய் அழுகை இல்லை. அவர் தோள் குலுங்கியது. அதுதான் கலாதேவிக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பொய்யாக அழுதிருந்தால் அவரை வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அழுது முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரேணுகாவைக் கூப்பிட்டார். "இங்க வாடா கண்ணு. இது ரத்தத்துல வர்ற நோவுன்னு அந்த டாக்டரம்மா சொன்னாளாமே."

ரேணுகா தலையாட்டினாள். "ஆமா பெரியப்பா. எனக்கும் ஸ்கேன் எடுக்கணும். உங்களுக்கும் சொன்னாங்க. வர்ற வெள்ளிக்கெழம எனக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"எனக்கு எதுக்குடா, எனக்கு முனியாண்டி இருக்கான். நீயும் போவாத. கருமாதி முடியாம ஆஸ்பத்திரி வாசல மிதிக்கக் கூடாது. பொம்பளப் புள்ள, நாளைக்கு ஒரு எடத்துல கேட்டு வருவாங்க, நெஞ்சுல நோவுன்னு எழுதி வாங்கிட்டு வந்து நிக்கப் போறியா?" வேட்டி மடிப்பில் கையை விட்டு ஒரு புதுக் கறுப்புக் கயிற்றை எடுத்தார். "நேத்து ராத்திரியே பூச பண்ணி எடுத்தாந்தேன். ஒண்ணும் ஆவாது. கைய நீட்டு."

ரேணுகாவுக்கு இருபத்து மூன்று வயது. போன வாரம், "படி ஏறினா படபடன்னு வருதும்மா, பயமா இருக்கு" என்று அவள் சொன்னது கலாதேவியின் காதிலேயே நின்றிருந்தது. இப்போது அந்தப் பெண் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு, மறுக்கத் தெரியாத பிள்ளை, இடது கையை மெல்ல நீட்டினாள்.

கலாதேவி நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எம்மவ கையில எதுவும் கட்ட வேணாம் மாமா."

"நல்லதுக்குத்தான் செய்றேன், கலா."

"அவருக்கும் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க."

கூடத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் சவ வண்டி பின்வாங்கி நிற்கிற சத்தம் கேட்டது. பண்டாரம் நிலைமையைப் புரிந்துகொண்டு தொண்டையைச் செருமினார். "நேரம் ஆவுது. பூசாரி, அந்தக் கயித்த எடுத்துட்டீங்கன்னா பெட்டிய மூடிரலாம்."

தப்பித்தோம் என்பது போல உடையப்பன் புதுக் கயிற்றை மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பினார். பூக்கட்டுகிற பெண்ணிடமிருந்து கத்திரியை வாங்கினார். தம்பியின் இடது கையைத் தூக்கிக் கத்திரியைக் கயிற்றுக்கு அடியில் நுழைத்தார்.

"கத்திரி எதுக்கு மாமா?"

"கயித்த எடுக்கணும்ல."

"அறுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"அது உசிரோட இருக்கறப்ப லா."

"சாமிகிட்ட உத்தரவு கேட்டீங்களா? பூப் போட்டீங்களா? செவப்பு வந்துச்சா, வெள்ள வந்துச்சா?"

"செத்தவனுக்கு என்னம்மா பூ?" என்றார் உடையப்பன். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. கத்திரி அப்படியே நின்றது.

கலாதேவி கை நீட்டிக் கத்திரியை வாங்கிப் பூக்கூடையில் போட்டாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் யாராவது வந்து பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். "உசிரோட மேடேறி வந்து உங்க காலடியில நின்னு கேட்டாரு. ஒரு முடிச்சு, மாமா. அத அவுக்க உங்களுக்கு ஆடி வரணும்னு இருந்துச்சு. இப்ப ஆடியும் வேணாம், பூவும் வேணாம், ஒரு நொடியில அறுத்துப் போட்டுட்டு பீர் குடிக்கப் போயிருவீங்க. கெடையாது. அவுத்து விடுங்க. கட்டின கையாலயே அவுத்து விடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"கலா, பொண்டு புள்ளைங்க முன்னால..."

"அவுத்து விடுங்க மாமா."

யாரோ ஒரு கிழவி, "விடும்மா, சாவு வீட்ல" என்று ஆரம்பித்தாள். கலாதேவி திரும்பிப் பார்த்தாள், கிழவி அடங்கிவிட்டாள். கூடாரத்து ஆண்கள் வாசலில் வந்து குவிந்தார்கள். சன்னாசி கையிலிருந்த கிளாசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

உடையப்பன் மண்டியிட்டார். முடிச்சு வருசக் கணக்கில் வியர்வையும் மஞ்சளும் குடித்துக் கல்லாகியிருந்தது. நகத்தை நுழைத்துப் பார்த்தார். வழுக்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் நெற்றி வியர்வை தம்பியின் நீலச் சட்டை மேல் சொட்டியது. பற்களால் கடித்து இழுக்கக் குனிந்தவர், தம்பியின் கை குளிர்ந்து முகத்தில் பட்டதும் விலகிக்கொண்டார். சவ வண்டிக்காரன் ஒரு தடவை ஹார்ன் அடித்தான். உறுமிக்காரர்கள் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரமாட்டேங்குதும்மா" என்றார் உடையப்பன். சிறு பிள்ளை குரல்.

"வரும். பாருங்க."

அவர் இரண்டு விரலால் முடிச்சைப் பற்றி, ஆத்திரத்தோடு ஒரு இழு இழுத்தார்.

கயிறு நகர்ந்தது. முடிச்சு அவிழவில்லை. கயிறு வட்டம் குலையாமல் முழங்கையிலிருந்து சரிந்து, மணிக்கட்டில் தளர்ந்து தொங்கி, எங்கும் தடுக்காமல் விரல்களைத் தாண்டி அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

உடையப்பன் கையிலிருந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு கலாதேவியை.

கலாதேவி அவரைப் பார்க்கவில்லை. கணவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மாத்திரை வற்றவைத்த கை. மணிக்கட்டில் கயிற்றின் தடமே இல்லை. வெளுத்த தடம் மேலே இருந்தது, சதை கொஞ்சம் மிச்சமிருந்த இடத்தில், கழன்று விழாதபடி அவர் தினமும் தள்ளித் தள்ளி நிறுத்தி வைத்த இடத்தில்.

"அம்மா" என்றாள் ரேணுகா.

"வெள்ளிக்கெழம நானும் கூட வாரேன்" என்றாள் கலாதேவி.

பண்டாரம் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் குனிந்து, சுருட்டியிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டாள்.